மழைத்தண்ணீரும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியும்: வீட்டில் ட்ரையொப்ஸ் வளர்ப்பது எப்படி

ட்ரையொப்ஸ் வளர்ப்பு பற்றித் தேடினால் கிடைக்கிற குறிப்புகள் அநேகமாகக் குளிர் நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதியவை. மேசை விளக்கைக் கிட்ட வையுங்கள், ஹீட்டர் வாங்குங்கள், இரவில் குளிராமல் பாருங்கள் என்றுதான் போகும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு அதை அப்படியே செய்தால் காலையில் பொரித்த குஞ்சு மறுநாள் மத்தியானத்தைத் தாண்டாது. சூடு நமக்குத் தாராளமாகவே கிடைக்கிறது. இங்கே பிள்ளைகள் ஆசையாகத் தொடங்கி மூன்றாம் நாள் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் தண்ணீரைப் பற்றி நீட்டி எழுதுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

முதலில் இது என்ன உயிர் என்று தெரியாதவர்களுக்கு. இறால், நண்டு வகையைச் சேர்ந்த சிறு நன்னீர்ப் பிராணி. முன்பக்கம் அகலமான ஓடு, பின்னால் மெலிந்த உடம்பு, கடைசியில் இரண்டு நீண்ட வால் இழைகள். மேலிருந்து பார்த்தால் வாற்பேத்தை மாதிரித் தெரியும், அதனால் வாற்பேத்தை இறால் என்றும் சொல்லலாம். தலையில் இரண்டு கூட்டுக்கண்கள், அவற்றுக்கு நடுவில் சின்னதாக இன்னொரு கண். அடியில் கால்கள் டசின் கணக்கில், இனத்தைப் பொறுத்து 35 சோடியில் இருந்து 70 சோடி வரை, அலை அலையாக அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கால்களால்தான் மூச்சும் விடுகிறது. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் கிடைத்த புதைபடிவங்களும் ஏறக்குறைய இதே உருவத்தில் இருக்கின்றன. இன்றைக்கு உயிரோடு இருக்கும் இனங்கள் அவ்வளவு பழையவை இல்லை, அவை பிரிந்து வந்தது பிற்காலத்தில்தான் என்று 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. ஆனாலும் அந்த உருவம் பழையதுதான், அதை ஒரு பேசினுக்குள் நீந்தப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இதன் வாழ்க்கை மழையோடு கட்டப்பட்டது. மழைக்குத் தேங்கி வெயிலுக்கு வற்றிவிடும் குட்டைகளில் வாழ்வதால் எல்லாமே அவசரம். பொரித்துப் பத்து நாள் போலாகும்போது முட்டை இடும் வயது வந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்குள் ஆயுள் முடிந்துவிடும். குட்டை வற்றியதும் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக் கணக்கில் கிடந்து அடுத்த நல்ல மழைக்குப் பொரிக்கும். நாம் வீட்டில் செய்யப்போவது அந்த மழையைப் போலியாகச் செய்து காட்டுவதைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று விளங்கும்.

முட்டை வாங்குவது

முட்டைகள் உலர்ந்த நிலையில், சிறு பைக்கற்றில், பெரும்பாலும் கொஞ்சம் மணலோடு கலந்து விற்கப்படுகின்றன. அதிகம் கிடைப்பது வட அமெரிக்காவைச் சேர்ந்த லோங்கிகோடாட்டஸ் இனம், நமது சூட்டுக்கும் இதுதான் பொருத்தம். அவுஸ்திரேலிய இனமும் சூட்டைத் தாங்கும். ஐரோப்பாவின் கான்கிரிபோர்மிஸ் இனம் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை விரும்புவது, முதல்முறை அதில் கை வைக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதென்றால் காசு கட்ட முன்னரே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். உயிருள்ள முட்டை என்பது உயிருள்ள பிராணிதான், சுங்கத்தில் பைக்கற் நின்றுவிட்டால் அழுது பயனில்லை.

வரவழைக்க வழியில்லாதவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது, உண்மையில் எனக்கு இது முதலாவதை விட அதிகம் பிடிக்கும். ஆவணி, புரட்டாதியில் நமது குளங்களும் வில்லுகளும் வற்றி, கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்த மேல்மண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்து வாருங்கள். கிருமிநாசினி அடிக்கும் வயலுக்குப் பக்கத்தில் எடுக்க வேண்டாம். அதை ஒரு பேசினில் போட்டு மழைத்தண்ணீரை ஊற்றி வைத்தால் சில நாளில் ஏதோ நீந்தத் தொடங்கும். நீர்த்தெள்ளு வரலாம், விதை போன்ற ஓட்டுக்குள் இருக்கும் சிறு பிராணிகள் வரலாம், எது வரும் என்பது அந்தக் குளத்தின் கையில். நோர்வேயைச் சேர்ந்த ஜோர்ஜ் ஒசியன் சார்ஸ் என்ற விலங்கியலாளர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் இருந்து கப்பலில் வந்த காய்ந்த சேற்றை நனைத்து, தான் ஒருபோதும் போகாத நாட்டின் பிராணிகளைத் தன் வீட்டிலேயே பொரிக்க வைத்து, படம் வரைந்து விவரித்தார். கீழே சொல்லும் முறையில் பெரும் பகுதி இந்தக் குளத்து மண்ணுக்கும் பொருந்தும்.

எப்போது தொடங்கலாம்

மார்கழியில் இருந்து மாசி வரை. மாரி மழை வந்து தண்ணீர் தாராளமாக இருக்கும், காற்றும் தணிந்திருக்கும், அறைக்குள் தண்ணீர் 25, 28 பாகைக்குள் நிற்கும், பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறையும் வரும். ட்ரையொப்ஸுக்கு 22இல் இருந்து 30 பாகை வரை நல்லது. சித்திரைக்குப் பிறகு, அதிலும் கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில், தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போட்ட வீட்டில் சின்னப் பெட்டித் தண்ணீர் மத்தியானத்தில் 34, 35க்குப் போய்விடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், வளர்ச்சியும் ஆயுளும் அவசரப்பட்டு முடியும். அந்த மாதங்களில் வளர்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் பெட்டியை ஈரமணல் பரப்பிய ஒரு தட்டில் வைத்து, மணல் காயாமல் அடிக்கடி தெளியுங்கள். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ்கட்டியைத் தண்ணீருக்குள் நேராகப் போட வேண்டாம்.

மீன் தொட்டி விற்கும் கடையில் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கையை விட்டுப் பார்த்துச் சொல்லும் சூடு நமக்குச் சரி, ஒரு மில்லிமீற்றர் குஞ்சுக்குச் சரிவராது.

தண்ணீர்

முட்டைக்கு இரண்டு செய்தி போய்ச் சேர வேண்டும். ஒன்று, வெளிச்சம் இருக்கிறது. இரண்டு, தண்ணீரில் உப்பு மிகமிகக் குறைவு. புது மழையில் நிறைந்த குட்டையில் உப்பு இராது. அதே குட்டை வற்ற வற்ற உப்பு ஏறும். அதனால் உப்புக் கூடிய தண்ணீரை உணர்ந்த முட்டை, குட்டை வற்றப்போகிறது, இது பொரிக்கும் நேரம் இல்லை என்ற கணக்கில் சும்மா கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து நாம் கொட்டுவது பல தடவை உயிருள்ள முட்டையைத்தான்.

இனி நமது ஊர்த் தண்ணீரைப் பாருங்கள். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் இருப்பவர்களின் கிணறு மாரியில் நன்றாக இருந்தாலும் கோடையில் சவர்ப்படும். குடித்தால் நாக்குக்குத் தெரியாத அளவு சவரும் முட்டைக்குத் தெரியும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கிணறு இனித்தாலும் அதில் கரைந்த சுண்ணாம்பு இருக்கலாம், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் இருக்கிறது என்று அர்த்தம். பைப் தண்ணீரில் குளோரின். வாய்க்கால் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் பெரும்போகம் முழுக்க வயல்களில் அடிக்கும் களைநாசினியும் பூச்சிநாசினியும் அதில்தான் வடிகிறது. பூச்சியைக் கொல்லும் மருந்து இறால் வகையையும் கொல்லும், இரண்டுக்கும் உடம்பு அவ்வளவு நெருங்கியது. எனவே வாய்க்காலை மறந்துவிடுங்கள்.

நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தண்ணீர் வானத்தில் இருந்து விழுவதுதான். அதைப் பீலியில் இருந்து பிடிக்க வேண்டாம். தகரத்தில் பூசிய துத்தநாகமும் கூரையின் தூசும் பறவை எச்சமும் சேர்ந்து வரும். மழை தொடங்கிக் கால்மணி நேரம் போகட்டும், காற்றுக் கழுவப்படட்டும், பிறகு முற்றத்தின் நடுவில், மரமோ கூரையோ மேலே இல்லாத இடத்தில், அகலமான பிளாஸ்டிக் பேசினை வையுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் எதுவும் கிட்ட வரக்கூடாது. செம்பு இந்த இனத்துக்கு நஞ்சு, மிகக் கொஞ்சம் கரைந்தாலே போதும். பிடித்த தண்ணீரைத் துணியில் வடித்து, சுத்தமான போத்தல்களில் நிரப்பி மூடி, இருட்டான இடத்தில் வைத்தால் மாசி வரைக்கும் பயமில்லாமல் பாவிக்கலாம். ஐந்தாறு பெரிய போத்தல் பிடித்து வைப்பது நல்லது.

மழை கிடைக்காத காலத்தில் காய்ச்சி வடித்த நீர் வாங்கலாம். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கடையில் கேட்டால் சில வேளை அசிட்டைத் தூக்கித் தருவார்கள், இரண்டும் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபலை வாசிக்காமல் வாங்க வேண்டாம். போத்தல் குடிநீரும் உதவும், லேபலில் மொத்தக் கரைந்த திண்மம் என்று ஓர் எண் போட்டிருக்கும், எது குறைவோ அதை எடுங்கள்.

முற்றாக வெறும் தண்ணீரிலும் ஒரு சிக்கல். குஞ்சுக்குத் தின்ன ஒன்றுமிராது. அதனால் முட்டை போடுவதற்கு இரண்டு நாள் முன்னர், கொட்டாங்காய் மரத்தின் நன்கு காய்ந்து பழுப்பான இலையில் பெருவிரல் நகமளவு துண்டு ஒன்றைக் கழுவி மழைத்தண்ணீரில் போட்டு வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் பெருகும், அதுதான் முதல் சாப்பாடு. பெரிய துண்டாகப் போட்டால் தண்ணீர் நாறிப்போகும்.

பொரிக்க வைப்பது

ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி போதும், வெள்ளை நிறமென்றால் இன்னும் நல்லது, செம்மஞ்சள் புள்ளியாகக் குஞ்சுகள் தெளிவாகத் தெரியும். சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், கொதிதண்ணீர் ஊற்றி அலசினால் சரி. அரை லீற்றர் மழைத்தண்ணீர், ஆழம் ஐந்து சென்ரிமீற்றர் அளவில். மணல் இப்போது வேண்டாம்.

பைக்கற்றில் உள்ளதில் பாதியை மட்டும் போடுங்கள். மற்றப் பாதியை ஈரம் படாமல் எடுத்து வையுங்கள், அது உங்கள் இரண்டாவது வாய்ப்பு. முட்டை சில மிதக்கும், ஓரத்தில் ஒட்டும், ஈர்க்கு நுனியால் மெல்லத் தள்ளிவிடுங்கள்.

பெட்டியை வெளிச்சமான யன்னல் பக்கம், ஆனால் வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். இரவிலும் வெளிச்சம் இருந்தால் வேகமாகப் பொரிக்கும், அறையில் இருக்கும் எல்இடி பல்ப் ஒன்றே போதும், சூடு தரும் பழைய குண்டு பல்ப் நமக்கு வேண்டாம். கரண்ட் போனால் பதற வேண்டாம், சில மணி நேர இருட்டு ஒன்றும் செய்யாது.

ஒரு நாளில் இருந்து இரண்டு நாளுக்குள் முதல் குஞ்சுகள் வரும். தூசுக்கும் குஞ்சுக்கும் வித்தியாசம் அசைவில்தான், தூசு மிதக்கும், குஞ்சு துள்ளித் துள்ளிப் போகும். டோர்ச் லைட்டை ஒரு பக்கத்தில் பிடித்தால் வெளிச்சத்தை நோக்கி வந்து கூடும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய நேரம் அது. நாலு நாளாகியும் ஒன்றும் இல்லையென்றால் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால் அந்த முட்டைகளை வடித்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, வேறு தண்ணீரில் திரும்பப் போடலாம். ஒரே தாயின் முட்டைகள்கூட ஒரே மழைக்கு எல்லாம் பொரிப்பதில்லை. முதல் மழை ஏமாற்றிவிட்டுப் போனால் வம்சம் அழியக்கூடாதே, அதற்காக ஒரு பங்கு எப்போதும் பின்னுக்கு நிற்கும்.

முதல் வாரம்

அதிகமான குஞ்சுகள் சாவது இந்த வாரத்தில், அதுவும் பசியால் குறைவு, சாப்பாடு கூடியதால்தான் அதிகம். போட்ட தூள் அடியில் அழுகி, தண்ணீர் பால் மாதிரி மங்கி, ஒட்சிசன் தீர்ந்து ஒரே இரவில் எல்லாம் போய்விடும்.

பொரித்த முதல் நாள் ஒன்றும் போட வேண்டாம், உடம்பில் இருக்கும் கருவூணே போதும். இரண்டாம் நாள் இலைத்துண்டில் இருந்து வந்த நுண்ணுயிர்களே காணும். மூன்றாம் நாளில் இருந்து ஸ்பிருலினா என்ற பாசித் தூளை ஈர்க்கின் நுனியை நனைத்துத் தொட்டு, நுனியில் ஒட்டியதை மட்டும் தண்ணீரில் கலக்கிவிடுங்கள். நாளைக்கு இரண்டு தரம். தண்ணீர் இலேசாகப் பச்சையாகி சில மணி நேரத்தில் திரும்பத் தெளிய வேண்டும். தெளியவில்லையென்றால் அடுத்த நேரம் சாப்பாடு கிடையாது. ஸ்பிருலினா கிடைக்காவிட்டால் மீன் தீனை விரலுக்கு நடுவில் மாவாகத் தேய்த்துப் போடலாம்.

மூன்று நாலு நாளில் ஓடு தெரியத் தொடங்கும். வளரும் வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம், காலையில் பார்த்ததும் மாலையில் பார்ப்பதும் ஒன்றில்லை. அப்படி வளர்வதால் அடிக்கடி, சில நாட்களில் தினமும், சட்டை கழற்றும். கழற்றிய சட்டை கால், கண், வால் எல்லாவற்றோடும் முழுதாக மிதக்கும், செத்துவிட்டது என்று பிள்ளைகள் அழுவார்கள். கிட்டப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது, கண்ணாடி மாதிரித் தெரியும். சட்டை கழற்றிய உடனே உடம்பு மென்மையாக இருக்கும், அந்த நேரத்தில்தான் பக்கத்தில் இருப்பது கடித்துத் தின்னும். ஆம், ஒன்றையொன்று தின்னும். இதைத் தடுக்க முடியாது, இடத்தைக் கூட்டியும் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்தும் குறைக்கலாம்.

ஐந்தாம் நாளில் இருந்து இரண்டு நாளுக்கு ஒரு தரம், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அடி ஊத்தையை உறிஞ்சி எடுத்து, அதே சூட்டில் இருக்கும் மழைத்தண்ணீரை மெல்ல விடுங்கள். புதுத்தண்ணீர்ப் போத்தலை முதல் நாளே பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் சூடு ஒத்துவிடும்.

பெரிய வீடு

ஒரு சென்ரிமீற்றர் ஆனதும் பெட்டி போதாது. வளர்ந்த ஒன்றுக்கு இரண்டு லீற்றராவது வேண்டும். பத்து லீற்றர்த் தொட்டியில் நாலைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பைப் தண்ணீரும் பரவாயில்லை, முட்டைக்கு இருந்த உப்புப் பிரச்சினை வளர்ந்த பிராணிக்கு அவ்வளவு இல்லை. சவர்க் கிணறு மட்டும் வேண்டாம். மாற்றும்போது குஞ்சைத் தேத்தண்ணி வடியால் தூக்காமல், கோப்பையில் தண்ணீரோடு எடுத்து, புதுத் தொட்டித் தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பைக்குள் கலந்து, பிறகு விடுங்கள்.

அடியில் இரண்டு சென்ரிமீற்றர் மணல் போடுங்கள், ஆற்றுமணல்தான். நமக்குக் கடல்மணல் வாசலிலேயே கிடக்கிறது, ஆனால் உப்பும் சிப்பித்தூளும் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. ஆற்றுமணலை அரித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவி, அரைமணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். மணலைக் கிளறுவதுதான் இதற்கு முழுநேர வேலை, தொட்டித் தண்ணீர் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எயார் பம்ப் ஒன்று இருந்தால் குமிழி மெல்ல வரும்படி வையுங்கள், வேகம் கூடினால் சின்னவை அடிபடும். பம்ப் இல்லாவிட்டால் ஆழம் குறைந்த, வாய் அகன்ற பாத்திரம் தேர்ந்தெடுங்கள். ட்ரையொப்ஸ் மல்லாந்து நீந்தி மேற்பரப்பைச் சுரண்டுவது சில வேளை மிதக்கும் சாப்பாட்டுக்காக, அது இயல்பு. எல்லாமே ஒரேயடியாக மேலே வந்து மல்லாந்து நின்றால் ஒட்சிசன் குறைந்துவிட்டது, உடனே தண்ணீரில் கால்வாசி மாற்றுங்கள். உடம்பு சிவப்பாகத் தெரிவதும் அதே கதைதான், காற்றுக் குறைந்த தண்ணீரில் இவை ஹீமோகுளோபினைக் கூடுதலாக உண்டாக்கும்.

சாப்பாடு இப்போது சுலபம். மீன் தீன் ஒன்றிரண்டு உருண்டை, தோல் சீவிய கரட் துண்டு, அவித்த பட்டாணி, நகத்தளவு பச்சை இறால். கருவாடு போடுவதென்றால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவித்தான். தின்னாமல் கிடப்பதை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். மீனோடு சேர்த்து வளர்க்க வேண்டாம், ஒன்றில் மீன் இதைத் தின்னும், இல்லாவிட்டால் இது மீனின் செட்டையைக் கடிக்கும்.

நுளம்பும் புகையும்

ட்ரையொப்ஸ் நுளம்புக் குடம்பியை விரும்பித் தின்னும், அதைப் பார்க்க நன்றாகவும் இருக்கும். அதற்காகத் தொட்டியைத் திறந்து போடாதீர்கள். குஞ்சுப் பெட்டியில் இருப்பவை குடம்பியைப் பிடிக்கும் அளவு பெரியவை இல்லை, பக்கத்தில் வைத்திருக்கும் மழைத்தண்ணீர்ப் பேசினிலோ ஒன்றுமே இல்லை. மாரி என்றால் இங்கே டெங்குக் காலம். பெட்டி, தொட்டி, தண்ணீர் பிடித்த பேசின் எல்லாவற்றையும் நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் காட்டக்கூடிய மாதிரி இருக்க வேண்டும், அதைவிட முக்கியம் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருப்பது.

தெருவில் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் யன்னலைப் பூட்டி, தொட்டியைப் பொலித்தீனால் மூடி, பம்பை நிறுத்துங்கள், இல்லையென்றால் பம்ப் அந்தப் புகையை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடும். புகை அடங்கியதும் திறந்து பம்பைப் போடுங்கள். நுளம்புத்திரி, ஸ்ப்ரே இரண்டும் அந்த அறைக்கே வேண்டாம். நுளம்பெண்ணெய் பூசிய கை, சவர்க்காரக் கை, தலைக்கு எண்ணெய் வைத்த கை எதுவும் தண்ணீருக்குள் போகக்கூடாது. மீனுக்குக் கொடுக்கும் மருந்துகளில் செம்பு சேர்ந்தவை உண்டு, மீன் தொட்டியில் பாவித்த வலையையும் குழாயையும் இதற்குப் பாவிக்க வேண்டாம்.

முட்டை சேர்ப்பது

இரண்டாவது வாரத்தில் ஓட்டுக்கு அடியில், பதினோராவது சோடிக் காலில் இருக்கும் சின்னப் பையில், சிவப்புக் கலந்த உருண்டைகள் தெரியும். அதுதான் முட்டை. ஆண் இல்லாமலே முட்டை இடும் வகைகள் இதில் நிறைய, அதனால் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் நம்பிக்கையை விட வேண்டாம். மணலைக் கிளறி, உள்ளே இட்டுவிட்டுப் போகும். தினமும் இடும்.

ஆயுள் முடியும் நாள் வரும், ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று. சின்னப் பிள்ளைகளுக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். கடைசியாக இருந்ததும் போன பிறகு உடம்புகளை எடுத்துவிட்டு, மணல் கலங்காமல் தண்ணீரை மெல்ல வடித்து, மணலைத் தொட்டியோடு நிழலில் காயவிடுங்கள். மார்கழியில் இதைச் செய்யாதீர்கள். நமது மாரிக் காற்றில் மணல் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். மாசி, பங்குனியில் காயவைத்தால் உதிரியாகக் காயும், கச்சான் தொடங்கினால் இன்னும் நல்லது. நன்கு காய்ந்த பிறகு இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டு, கடதாசிப் பைக்கற்றில் போட்டு, இனத்தின் பெயரையும் காயவைத்த திகதியையும் எழுதி, எறும்பு போகாத டப்பாவில் வையுங்கள்.

வயலில் விட வேண்டாம்

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அம்பாறை நெல்லின் மாவட்டம், மட்டக்களப்பிலும் படுவான்கரை முழுக்க வயல். கலிபோர்னியாவின் நெல் வயல்களில் ட்ரையொப்ஸ் ஒரு பீடை. முளைத்து வரும் நாற்றைக் கடித்தும் மண்ணைக் கிளறிப் பிடுங்கியும், தண்ணீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைத்தும் நட்டம் உண்டாக்கும். ஜப்பானிலோ இதே கிளறல் களையை அழிக்கிறது என்று விவசாயிகள் சிலர் விரும்புகிறார்கள், அங்கே நாற்றை வளர்த்து நடுவதால் பயிருக்குச் சேதம் குறைவு. இங்கே நாம் பெரும்பாலும் விதைநெல்லை நேராக வீசி விதைக்கிறோம். வெளிநாட்டு இனம் ஒன்று நமது வட்டைக்குள் போனால் பாதிப்பு கலிபோர்னியாவைப் போல இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், போன பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது.

வளர்ந்ததை வெளியே விடாமல் இருந்தால் மட்டும் போதாது, முட்டை மணலிலும் தண்ணீரிலும் இருக்கிறது. காய்ந்த முட்டை கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழான சூட்டைக்கூட மணிக்கணக்கில் தாங்கும், கொதிக்கவைத்தால்தான் சாகும் என்று 1968இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே தொட்டியைக் கழுவும்போது வரும் தண்ணீரை, மணல் துளிகளோடு, ஒரு பழைய சட்டியில் ஊற்றி அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு முற்றத்து மரத்துக்கு ஊற்றுங்கள். வேண்டாத மணலுக்கும் அதேதான். கழுவிய வலை, சிரிஞ்ச், வெப்பமானி எல்லாம் காய்ந்தால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம், காய்வது அந்த முட்டைக்கு ஓய்வு மட்டுமே. வலைக்கும் சிரிஞ்சுக்கும் கேத்தல் கொதிநீர், வெப்பமானிக்கு அழுத்தித் துடைத்த துணி, பிறகு அந்தத் துணியும் சட்டிக்குள்.